மாலை போடாத விரதம்

புரட்டாசி பிறந்தால் பல்லடத்தில் கறிக்கோழி விலை இறங்கும். நாமக்கல்லில் முட்டை விலையும் கூடவே தளரும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் பெருகும்போது இன்னொரு சரிவு வரும். இதைக் கணிக்கப் பண்ணைக்காரர்களுக்குப் பொருளாதார நிபுணர் தேவையில்லை, தினசரிக் காலண்டர் போதும். இத்தனைக்கும் இந்தியக் கறிக்கோழித் தொழிலுக்கு வழி போட்டுக்கொடுத்த வட்டாரம் இது. 1984இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் பின்னாளில் ஒப்பந்தப் பண்ணை முறையைப் பரவலாக்கியதில் முன்னால் நின்றது. பல்லடத்தில் இயங்கும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை விலையை ஒட்டித்தான் கோவை சிங்காநல்லூர்க் கடைக்காரர் அன்றைய கிலோ விலையைப் பலகையில் எழுதுகிறார். கோழியால் பிழைக்கும் இந்த நாட்டுப்புறமே ஆண்டுக்கு இருமுறை கோழியை வேண்டாம் என்று ஒதுக்கி வைக்கிறது.

அந்தச் சிங்காநல்லூரில் ஏதோ ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை தட்டின் முன்னால் உட்கார்ந்து, “எனக்கு இனிமே கறி வேண்டாங்கம்மா” என்று சொன்னால் வீடு கலங்கிப்போகிறது. காய்ச்சலா, பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா, செல்போனில் எதையாவது பார்த்தாயா என்று விசாரணை நடக்கிறது. அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, தகவல் போகிறது. அமுச்சி பேருந்து ஏறி வந்துவிடுகிறார்.

சென்ற கார்த்திகையில் இதே பிள்ளை கன்னிச்சாமியாக மாலை போட்டு 41 நாளோ 48 நாளோ கறியைத் தொடாமல் இருந்திருக்கும். அப்போது வீட்டில் யாரும் புரதச்சத்தைப் பற்றிப் பேசவில்லை. வளர்கிற பிள்ளை இளைத்துவிடும் என்று அமுச்சி அழவில்லை. மாறாக, கறி ஆக்கும் சட்டி பரண் ஏறியது, பாத்திரங்கள் புளி போட்டுத் துலக்கப்பட்டன, அப்பாவும் முட்டைப் பொரியலை மறந்தார், பிள்ளையைச் “சாமி” என்று கூப்பிட்டார்கள். ஆகவே கொங்கு வீட்டில் சிக்கல் கறியை விடுவதில் இல்லை என்பது என் எண்ணம். சாமி பெயரும் முடிகிற தேதியும் இல்லாமல் விடுவதுதான் சிக்கல். சாமிக்காக என்றால் மறுபேச்சில்லை. ஆட்டுக்காக என்றால், ஏன் என்ற கேள்வி வருகிறது.

*

இந்த வட்டாரத்துச் சாப்பாட்டில் கறி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான் கலக்கத்தின் காரணம் பிடிபடும். 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறை அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்குச் சுமார் 98 பேர் அசைவம் உண்பவர்கள். இந்த எண்ணை வைத்துக்கொண்டு தமிழர்கள் தினமும் கறி தின்கிறார்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை துண்டு என்பதை அந்தக் கணக்கு சொல்வதில்லை. கொங்கு நாடு பெரும்பாலும் மழை குறைந்த மேட்டுக்காட்டுச் சீமை. கம்பு, சோளம், ராகி, கொள்ளு, தட்டப்பயறு, மோர் என்றுதான் வாரம் ஓடியது. கறி என்பது மாரியம்மன் நோம்பி, குலசாமிக்குக் கெடா வெட்டு, தீபாவளி, வீட்டுக்கு ஒரம்பரை (உறவினர்) வந்த நாள். ஆலைகளும் சம்பளமும் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. சிங்காநல்லூர் பஞ்சாலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர். வார விடுமுறையும் கறிக்குழம்பும் அங்கே சேர்ந்தே வந்தன.

அதனால் கறியை விடும் பிள்ளை தினப்படிச் சோற்றை விடுவதில்லை. விசேஷத்தை விடுகிறது. பங்கு போட்டுத் தருவதில்தான் இந்தச் சமையலின் பாசம் முழுக்க இருக்கிறது: பேரனுக்கு நல்லி எலும்பு, சோகையாக இருக்கும் பெண்ணுக்குச் சுவரொட்டி (மண்ணீரல்), சளி பிடித்தவனுக்கு மிளகு தட்டிப்போட்ட நாட்டுக்கோழிச் சாறு, வயதுக்கு வந்தவளுக்கு நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும். யாருக்கு எந்தத் துண்டு என்பது பாட்டியின் மனக்கணக்கு. பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்போது அந்தக் கணக்கிலிருந்து தன் பெயரை அடித்துவிடுகிறது. அமுச்சியின் அழுகைக்கு இரும்புச்சத்து காரணமல்ல.

அப்புறம் சமரசம் தொடங்கும். “கறியை ஒதுக்கி வெச்சுட்டு குழம்பு மட்டும் ஊத்திக்கோ கண்ணு.” தமிழ்நாட்டில் கறியை விட முயன்ற எல்லாப் பிள்ளைகளும் கேட்டிருக்கக்கூடிய வாசகம் இது. இதற்கு நாம் சிரிக்கலாம். ஆனால் இதில் ஒரு நியாயமும் இருக்கிறது: உன் கொள்கையை நீ வைத்துக்கொள், பந்தியை விட்டு எழுந்துபோகாதே என்கிறார் பாட்டி.

*

பிள்ளைகளுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் ஃபர்மன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரின் ஹான் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 4 முதல் 7 வயதுவரையான பிள்ளைகளில் 100க்கு 40 பேர் அளவில், பன்றி இறைச்சியிலிருந்து செய்யும் பேக்கன் செடியிலிருந்து வருவதாக நினைத்தார்கள். மாடும் பன்றியும் சாப்பிடக்கூடியவை அல்ல என்றும் பெரும்பாலோர் சொன்னார்கள். பிளாஸ்டிக் தாளில் பொதிந்து விற்கும் நாட்டில் இந்த அறியாமைக்கு இடமிருக்கிறது. சிங்காநல்லூரில் இல்லை. இங்கே கோழி கூண்டில் நிற்கும், எடை போடும்போது கத்தும், நீல டிரம்முக்குள் போய்ச் சற்று நேரம் அடித்துக்கொள்ளும். பையைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு எதுவும் மறைக்கப்படுவதில்லை. நம் பிள்ளைகள் உண்மை தெரிந்து அதிர்ச்சியாவதில்லை. தெரிந்த உண்மையோடு பல வருடம் வாழ்ந்துவிட்டு, ஒருநாள் கணக்குத் தீர்க்கிறார்கள்.

பல வீடுகளில் அந்த ஒருநாள், வளர்த்த ஆட்டின் வடிவில் வரும். சாமிக்கென்று நேர்ந்துவிட்ட கிடாய்க்குத் தழை ஒடித்துப் போட்டதும், பெயர் வைத்துக் கூப்பிட்டதும் பிள்ளைதான். கோயிலில் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு எல்லோரும் காத்திருப்பார்கள். உடம்பைச் சிலிர்த்து உதறினால் சம்மதம் கிடைத்துவிட்டது என்று பொருள். சிலிர்க்காவிட்டால் மறுபடி தண்ணீர், மறுபடி வேண்டுதல், சாமி குத்தம் ஏதும் உண்டா என்று பூசாரியிடம் கேள்வி. சிலிர்க்காத ஆட்டை வெட்டத் துணிய மாட்டார்கள். இந்தச் சடங்கை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. சாகப்போகிற உயிரின் சம்மதம் தேவை என்பதை இதைவிட வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு தொழிற்சாலை முறைக் கோழி வெட்டில் கிடையாது. பிள்ளை செய்வதெல்லாம், பெரியவர்கள் கேட்டுவிட்டு விடையைத் தாங்களே சொல்லிக்கொண்ட அந்தக் கேள்வியை உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்வதுதான். பெருமாள்முருகன் 2016இல் வெளியிட்ட ‘பூனாச்சி’ நாவல் ஒரு வெள்ளாட்டின் பக்கம் நின்று கதை சொல்கிறது. கொங்கு மண்ணிலிருந்து அப்படியொரு நாவல் வந்ததில் வியப்பில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கேரன் ஹுசாரும் பால் ஹாரிஸும் செய்து 2010இல் வெளியான ஆய்வு இந்த விஷயத்துக்கு மிக நெருக்கமானது. கறி உண்ணும் குடும்பத்தில் பிறந்து தாமாகவே அதை விட்ட 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளை அவர்கள் தேடிப் பிடித்தார்கள். சைவக் குடும்பத்துப் பிள்ளைகளோடும் கறி உண்ணும் பிள்ளைகளோடும் ஒப்பிட்டார்கள். தாமாக விட்டவர்கள் சொன்ன காரணம் பெரும்பாலும் ஒன்றே: விலங்குக்கு வலிக்கும், அதைக் கொல்லக் கூடாது. பிறப்பால் சைவமான பிள்ளைகளிடம் இந்தக் காரணம் இவ்வளவு தூக்கலாக இல்லை. குடும்ப வழக்கம், மதம் என்று அவர்களின் விடைகள் பிரிந்தன.

அதைவிட முக்கியமான முடிவு வேறு. கறி உண்ணும் மற்றவர்கள் கெட்டவர்களா என்று கேட்டபோது, தாமாக விட்ட பிள்ளைகளும் அப்படிச் சொல்லவில்லை. உண்ண மாட்டேன் என்று உறுதி எடுத்தவர் உண்டால் தவறு, எடுக்காதவர் உண்டால் தவறில்லை என்றார்கள். இது நமக்குப் புதிதா என்ன? மாலை போட்டவர் கறி தின்றால் குற்றம், போடாதவர் தின்றால் அவர் பாடு என்பதுதானே இங்கே காலங்காலமாக இருக்கும் ஏற்பாடு. ஒரே வீட்டில் அண்ணன் மாலை போட்டிருக்க, மாமா வெளியே போய்ப் பிரியாணி தின்றுவிட்டு வருவதை யாரும் தர்மசங்கடமாக நினைப்பதில்லை. அமெரிக்கப் பிள்ளைகள் ஆய்வாளர் முன்னால் கண்டுபிடித்துச் சொன்ன நியாயத்தைக் கொங்கு வீடுகள் மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுவைத்திருக்கின்றன.

*

பிள்ளையின் முடிவு எங்கிருந்தோ வந்து இறங்கியது என்று சொல்பவர்களுக்குப் பள்ளிப் பாடமே பதில். 6 முதல் 12ஆம் வகுப்புவரை அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் உள்ள 108 அதிகாரங்களைக் கற்பிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016இல் உத்தரவிட்டது. அதற்குள் புலால் மறுத்தலும் வரும், கொல்லாமையும் வரும். பெரியவர்கள் கையில் இதற்கு ஒரு மறுப்பு உண்டு: வள்ளுவர் அந்த இரண்டையும் துறவறவியலில் அல்லவா வைத்தார், குடும்பஸ்தனுக்கு அது எதற்கு? புலமை சார்ந்த மறுப்புதான், குறை சொல்ல முடியாது. ஆனால் மனப்பாடத் தேர்வில் மதிப்பெண் போடும்போது இல்லறவியலா துறவறவியலா என்று பார்த்துப் போடுவதில்லையே.

கொங்கு வரலாற்றிலும் கொல்லாமைக்கு ஆழமான வேர் இருக்கிறது. பெருந்துறையை அடுத்த விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இன்றும் நிற்கிறது. பெருங்கதை இயற்றிய கொங்குவேளிர் அவ்வூரோடு தொடர்புடையவர் என்பது மரபு. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்பார்கள். ஒருகாலத்தில் சமணம் தழைத்த மண். பிறகு வள்ளலார் நெறி வந்தது. 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிய இராமலிங்க அடிகளுக்குக் கொங்குச் சீமையில் பல ஊர்களில் சன்மார்க்க சங்கங்கள் அமைந்தன. பொள்ளாச்சித் தொழிலதிபர் நா. மகாலிங்கம் பல ஆண்டுகள் சென்னையில் வள்ளலார் – காந்தி விழா நடத்திவந்தார். 2014 அக்டோபர் 2 அன்று அவர் உயிர் பிரிந்ததும் அந்த விழாவில்தான். புலால் உண்பவரைத் தம் நெறிக்குப் புறத்தே நிறுத்திய வள்ளலார், பசி என்று வந்தவரிடம் மட்டும் அந்தப் பிரிவைப் பார்க்கக் கூடாது என்றதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

*

இனிச் சங்கடமான பகுதிக்கு வருகிறேன். பெற்றோரின் எதிர்ப்பு முழுவதையும் பாசம், பழமை என்று அடக்கிவிட முடியாது. இந்த நாட்டில் சாப்பாடு சாதியின் அளவுகோல். கோவையிலும் வாடகை வீடு தேடிப் போனால் “சைவம் மட்டும்” என்ற நிபந்தனை எதிர்ப்படும். அது கறிவாடையைப் பற்றியது மட்டுமல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாகத் தங்கள் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கப்பட்ட குடும்பத்தில், பெற்ற பிள்ளையே தட்டைத் தள்ளிவைத்தால் பழைய காயம் திறக்கும். பிள்ளைக்கு ஆடு தெரிகிறது, அப்பாவுக்கு ஆண்டை வீட்டு வாசல் தெரிகிறது.

எம். என். சீனிவாஸ் 1952இல் குடகர் பற்றிய நூலில், கீழே வைக்கப்பட்ட சாதிகள் புலாலையும் மதுவையும் விட்டு, மேல்சாதி வழக்கங்களைக் கைக்கொண்டு தகுதி உயர்த்திக்கொள்வதை விளக்கினார். கொங்கு அந்தச் சட்டகத்தில் முழுதாக அடங்குவதில்லை. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1964 முதல் 1966 வரை காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்ந்து 1972இல் எழுதிய நூலில், இங்கே நிலத்தைக் கையில் வைத்திருந்த வலங்கைச் சாதிகளின் மதிப்பு மண்ணையும் ஊர் அதிகாரத்தையும் சார்ந்திருந்தது என்றும், ஆசாரத் தூய்மையைப் பிடித்து மேலேற முயன்றவர்கள் பெரும்பாலும் இடங்கைச் சாதிகளே என்றும் காட்டினார். ஆதிக்கம் செலுத்தியவர்களே கறி உண்டவர்கள் என்பதால், கொங்கில் கறியை விடுவது தானாக மேலே ஏறும் படியாகவில்லை. இன்றைய பிள்ளைக்கு இது ஒரு வாய்ப்பு என்பேன். சாதி ஏணியில் ஏறாமலே ஆட்டுக்காகப் பேச முடியும்.

மேலிருந்து திணித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003இல் ஜெயலலிதா அரசு கறாராக நடைமுறைப்படுத்தச் சொன்னபோது, கருப்பராயனும் மாரியம்மனும் கும்பிடும் மக்கள் அதைத் தங்கள் சாமிகள் மேல் விழுந்த அடியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. அரசால் முடியாததை ஒரு பிள்ளையின் முரண்டு தன் வீட்டளவில் செய்துவிடுகிறது, ஏனென்றால் அந்த முரண்டு யாரையும் தாழ்த்துவதில்லை.

எதிர்த்திசையில் போன பிள்ளைகளும் உண்டு. ஈரோட்டில் ஆசாரமான வைணவக் குடும்பத்தில் பிறந்த ராமசாமி, புழங்கக் கூடாது என்று சொல்லப்பட்ட வீடுகளில் தண்ணீர் குடித்தும் பலகாரம் தின்றும் வீட்டில் தண்டனை வாங்கினார். காலில் விலங்கு மாட்டும் அளவுக்குப் போனது அது. பிற்காலத்தில் பெரியாராகி, உணவு ஆசாரத்தின் மேலேயே கல்லெறிந்தார். குஜராத்தில் புலால் உண்ணாத வீட்டில் பிறந்த மோகன்தாஸ் காந்தி, பலசாலி ஆகலாம் என்ற நண்பனின் பேச்சை நம்பி ஒளிந்து ஆட்டுக்கறி தின்றார். அன்றிரவு வயிற்றுக்குள் ஆடு கத்துவதுபோல இருந்ததாக எழுதியிருக்கிறார். 1888இல் லண்டனுக்குக் கப்பலேறும்போது தாய்க்குச் செய்துகொடுத்த சத்தியம் அவரைக் கட்டியிருந்தது. அங்கே ஹென்றி சால்ட்டின் சிறுநூலைப் படித்த பிறகுதான் தன் விருப்பத்தால் சைவரானதாகச் சொல்கிறார். ஈரோட்டுச் சிறுவன் உணவு ஆசாரத்தை மீறினான், சிங்காநல்லூர்ப் பிள்ளை கறியை மறுக்கிறது. தட்டில் இருப்பது மாறலாம். இது என் முடிவு என்று சொல்கிற துணிவு இரண்டிலும் ஒன்றுதான்.

*

இந்தக் கொள்கையின் கூலியை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பேசாமல் விட முடியாது. அம்மாதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு குழம்பு வைத்த அடுப்பில் இரண்டு குழம்பு. கரண்டி தனி, சட்டி தனி. வேலைக்குப் போகிற பெண்ணாக இருந்தால் வாரத்தில் கிடைத்த ஒரே காலையும் போயிற்று. உயிரிரக்கம் பேசுகிற பிள்ளை அம்மாவின் இடுப்பு வலியைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்த இரக்கம் பாதிதான். பிள்ளைகளிடம் நேராகச் சொல்ல வேண்டிய சங்கதி இது. பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் கேள்விகளும் வேறு. பையனிடம் தெம்பு எங்கிருந்து வரும் என்பார்கள். பெண்ணிடம் நாளைக்குப் போகிற வீட்டில் கறி ஆக்கச் சொன்னால் என்ன செய்வாய் என்பார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தட்டில் இல்லாத மாமியார் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு மரியாதை தர எனக்கு மனமில்லை.

உடம்பைப் பற்றிய கவலைக்கு மரியாதை தர வேண்டும். தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுவரையான பெண்களில் 52.9 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஏறத்தாழ எல்லோரும் அசைவர்களாக இருக்கும் மாநிலத்தின் எண்ணிக்கை இது. வாரத்துக்கொரு கறிக்குழம்பு இரத்தத்தைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையை இது உடைக்கிறது. சைவத்துக்குப் போனால் பரவாயில்லை என்று இதற்குப் பொருளல்ல. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் உடம்பு, கறியை விட்டால் கூடுதல் கவனம் தேவை என்றே பொருள்.

கனடாவின் டொரன்டோவில் 6 மாதம் முதல் 8 வயதுவரையான 8,907 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் வெளியானது. அவர்களில் 248 பேர் ஆய்வுத் தொடக்கத்தில் சைவர்கள். வளர்ச்சியிலும் இரும்புச் சேமிப்பிலும் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எடை குறைவாக இருக்கும் வாய்ப்பு சைவப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. கனடாவின் பால், பழம், மருத்துவ வசதி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

புரதத்துக்குக் கொங்குச் சமையலறையில் பஞ்சமில்லை. 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. 30 கிராம் கொள்ளு வேகவைத்துக் கடைந்தால் ஒரு முட்டையின் புரதம் கிடைத்துவிடும். அரிசியும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். இங்கே பசிக்கிற அவசரத்தில் செய்யும் அரிசிம்பருப்புச் சாதம் அந்த அறிவியலைத் தெரியாமலே பின்பற்றுகிறது. பயறு, கீரை இவற்றின் இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது.

ஆபத்து பி12 வைட்டமினில்தான். செடிகொடி எதிலும் அது நம்பும் அளவில் இல்லை. நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் தேவை. ரேஷன் கடையின் செறிவூட்டிய அரிசியில் பி12 சேர்த்திருக்கிறார்கள், ஆனால் கிலோவுக்கு அதிகம் போனால் 1.25 மைக்ரோகிராம். 200 கிராம் அரிசி தின்றாலும் கால் மைக்ரோகிராம்தான் தேறும். இரண்டு தம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் பெரும்பகுதியை நிரப்பும். கன்றுக்குட்டியை நினைத்துப் பாலையும் விடுகிற பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்தே ஆக வேண்டும், அதில் பேரத்துக்கு இடமில்லை. கறியோடு சேர்த்துச் சோற்றையும் குறைக்கிறது, கண்ணாடி முன்னால் நின்று எடையைப் பற்றியே பேசுகிறது என்றால் அது ஆட்டுக்காகச் செய்வதல்ல. அங்கே வேறு கவலை இருக்கிறது, உடனே கவனியுங்கள்.

*

அரசுப் பள்ளிச் சத்துணவில் 1989இல் முட்டை வந்தது, 2010இலிருந்து வாரத்துக்கு ஐந்து முட்டை. முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. சத்துக் கணக்கில் வாழைப்பழம் முட்டைக்கு ஈடே அல்ல. புரதம் ஒரு கிராம்தான் தேறும், இந்த மாற்று ஏற்பாட்டில் சுண்டல் வந்திருக்க வேண்டும். ஆனால் முறை சரியானது. எந்தச் சாமிக்கு வேண்டுதல், எப்போது முடியும் என்று கேட்டுவிட்டா வாழைப்பழம் கொடுக்கிறார்கள்? பிள்ளை வேண்டாம் என்கிறது, மாற்று கிடைக்கிறது. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு பிள்ளைகளின் சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் உள்ள உரிமையைச் சொல்கிறது. பெற்றோர் வழிகாட்டலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தப் பெரிய வார்த்தைகளைச் சத்துணவுக்கூடம் ஒரு பழத்தில் முடித்துக்கொள்கிறது.

வீடுகளுக்கு நான் சொல்வதும் இவ்வளவுதான். மாலை போட்ட பிள்ளைக்குக் காட்டிய மரியாதையை மாலை போடாத பிள்ளைக்கும் காட்டுங்கள். குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள். ஒரு மண்டலம் இருந்து பார், பிறகு பேசுவோம் என்று வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள், அது நம் வழக்கத்துக்குள் அடங்கும் யோசனைதான். பாதியில் விட்டுவிட்டுக் கோழி வறுவலுக்குத் திரும்பினால் கேலி செய்யாதீர்கள். திரும்ப முடியும் என்று தெரிந்த பிள்ளைதான் நிதானமாக முடிவெடுக்கும். கிடா விருந்துக்குக் கூட்டிப்போங்கள், அங்கே அதற்கும் ஓர் இலை போடச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஹீமோகுளோபினும் பி12உம் பார்த்துவிடுங்கள், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சிங்காநல்லூரிலேயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. காய்கறிக்கு அங்கேயே உழவர் சந்தையும் இருக்கிறது. ஞாயிறு காலை பையைக் கொடுத்துப் பிள்ளையையே அனுப்புங்கள். வாங்கி வந்ததை அரிவதும் கொள்ளு கடைவதும் அதன் வேலையாகவே இருக்கட்டும்.